டீச்சரைக் கேளுங்கள்: இந்த மாதம் ‘கெட்’

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல்லைப் பிடித்துத் தொங்குகின்றன. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்தப் பக்கம் முழுவதையும் ‘கெட்’டுக்கே கொடுத்துவிட்டேன்.

*

‘கெட்’ என்றால் ‘பெறு’ என்று அகராதியில் இருக்கிறது. அப்படியானால் ‘கெட் ஆங்க்ரி’ என்பது கோபத்தைப் பெறுவதா? ‘கெட் மேரீட்’ என்பது கல்யாணத்தைப் பெறுவதா? எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் இந்தக் குழப்பம் இருக்கிறது, டீச்சர்.
*– பிளஸ் டூ மாணவி, கொழிஞ்சாம்பாறை*

அகராதி பொய் சொல்லவில்லை கண்ணு, நீதான் முதல் வரியோடு மூடிவைத்துவிட்டாய். ‘பெறு’ என்பதைக் கொஞ்ச நேரம் ஓரமாக வை. நீ வீட்டில் பேசுகிற தமிழைக் கவனி. எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் காய்ச்சல் வந்தது. எனக்கு நல்ல மார்க் கிடைத்தது. அக்காவுக்குக் கல்யாணம் ஆச்சு. இதில் எங்கேயாவது ‘நான்’ இருக்கிறதா? கோபமும் காய்ச்சலும் மார்க்கும் கல்யாணமும் தாமாக நம்மிடம் வருகின்றன. நாம் சும்மா இருக்கிறோம். உன் பள்ளியில் மலையாளப் பிரிவில் படிக்கும் பிள்ளைகளும் ‘எனிக்கு கிட்டி’ என்றுதான் சொல்வார்கள். அங்கேயும் ‘எனக்கு’தான்.

ஆங்கிலம் அந்த ‘எனக்கு’ இருந்த இடத்தில் ‘ஐ’யைக் கொண்டுவந்து உட்கார வைக்கும். வந்தது, கிடைத்தது, ஆச்சு என்று நாம் தனித்தனியாகச் சொல்வதற்கெல்லாம் ‘கெட்’டின் இறந்தகாலமான ‘காட்’ ஒன்றையே போட்டுவிடும். ஐ காட் ஆங்க்ரி. ஐ காட் எ ஃபீவர். ஐ காட் குட் மார்க்ஸ். மை ஸிஸ்டர் காட் மேரீட். ‘எனக்குப் புரிந்தது’ கூட ‘ஐ காட் இட்’தான். நான் வகுப்பெடுத்த காலத்தில் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு இந்த ஒரு வழியைத்தான் காட்டுவேன்: தமிழில் ‘எனக்கு’ என்று தொடங்கி ‘வந்தது’, ‘கிடைத்தது’, ‘ஆச்சு’ என்று முடிந்தால் ‘காட்’டைப் போட்டுப் பார்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லா ‘எனக்கு’க்கும் போடாதே. எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டும் – இவை ஐ நோ, ஐ லைக், ஐ வாண்ட். இங்கே எதுவும் புதிதாக வரவில்லை, ஏற்கெனவே இருக்கிறது. ‘கெட்’டுக்கு ஒரு மாற்றம் வேண்டும். மூன்றாவது பீரியட் முடியும்போது வயிறு லேசாகக் கிள்ள ஆரம்பிக்கிறதே, அப்போது ‘ஐ ஆம் கெட்டிங் ஹங்ரி’. மதிய மணி அடிக்கும்போது வெறும் ‘ஐ ஆம் ஹங்ரி’.

கல்யாணத்தில் இன்னொரு வழுக்கல் இருக்கிறது. ‘ஷீ காட் மேரீட் வித் எ டாக்டர்’ என்று நம் பக்கத்தில் எல்லோரும் எழுதுகிறார்கள். ‘டாக்டரோடு’ என்று நினைப்பதால் ‘வித்’ வந்துவிடுகிறது. ‘காட் மேரீட் டு எ டாக்டர்’ என்பதே சரி. ‘மேரீட் எ டாக்டர்’ என்றால் ‘டு’வும் வேண்டாம்.

இன்னொன்று. பால் கெட்டுப்போச்சு என்பதை ‘தி மில்க் காட் பேட்’ என்று எழுதாதே. ‘தி மில்க் வென்ட் பேட்’. காது கேட்காமல் போச்சு, கண் தெரியாமல் போச்சு, தலை வழுக்கையாகிப் போச்சு – இதற்கெல்லாம் ஆங்கிலத்திலும் ‘கோ’தான்: வென்ட் டெஃப், வென்ட் பிளைண்ட், வென்ட் போல்ட். நாம் ‘போச்சு’ என்று சொல்லும் இடத்தில் அவர்களும் ‘வென்ட்’ என்கிறார்கள், பார்த்தாயா? இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ளாதே. களைத்துப் போனேன், பயந்து போனேன் என்பவை ‘காட் டயர்ட்’, ‘காட் ஸ்கேர்ட்’ என்று மறுபடியும் ‘கெட்’ பக்கமே வந்துவிடும். பெரும்பாலும் திரும்பி வராத கேடு என்றால் ‘கோ’, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்றால் ‘கெட்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

*

பொள்ளாச்சி – பாலக்காடு பஸ்ஸில் கண்டக்டராக இருக்கிறேன். கோபாலபுரம் வந்ததும் வெளியூர்க்காரர்களிடம் ‘கெட் டவுன்’ என்று சொல்வேன். ஒரு பயணி அது தப்பு என்றார். இத்தனை நாள் எல்லோரும் இறங்கிக்கொண்டுதானே இருந்தார்கள்?
*– வாசகர், நாட்டுக்கல்*

இறங்குவார்கள் தம்பி, இந்தியா முழுக்க இறங்குவார்கள். நம் நாட்டில் ‘கெட் டவுன்’ அவ்வளவு ஊறிப்போன வழக்கு. நான் அதைத் தப்பு என்று சிவப்பு மையால் சுழிக்க மாட்டேன். ஆனால் இங்கிலாந்திலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்த ஆளிடம் சத்தமாக ‘கெட் டவுன்!’ என்று சொன்னால், அவர் இறங்குவதற்குப் பதிலாகக் குனிந்து சீட்டுக்கு அடியில் பதுங்கினாலும் ஆச்சரியமில்லை. ஆபத்து வரும்போது ‘தலையைத் தாழ்த்து, தரையோடு படு’ என்று கத்துவதற்கும் அதே சொல்தான்.

பஸ், ரயில், விமானம், கப்பல் இவற்றில் ஏறுவது ‘கெட் ஆன்’, இறங்குவது ‘கெட் ஆஃப்’. கார், ஆட்டோ, ஜீப் என்றால் ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. நின்று நடக்க இடம் இருந்தால் ‘ஆன்’, உடம்பை மடக்கி உள்ளே நுழைய வேண்டியிருந்தால் ‘இன்’. சைக்கிளும் பைக்கும் ஏறி உட்காரும் சமாச்சாரம், அதனால் அங்கேயும் ‘ஆன்’, ‘ஆஃப்’.

‘கெட் டவுன்’ எங்கே முழுக்கச் சரி என்றால், நம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா தோப்புகளில். இடுப்பில் குடுவையும் கத்தியுமாகத் தென்னையில் கள் இறக்க ஏறியவர், மேலே பாளையைச் சீவிவிட்டுத் தடம் பார்த்துக் கால் வைத்து வருகிறாரே, அது ‘கெட்டிங் டவுன் ஃப்ரம் தி ட்ரீ’. உயரத்திலிருந்து கீழே வருவதற்குத்தான் அந்த ‘டவுன்’.

*

குப்பத்தில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பெங்களூரு வாடிக்கையாளர் ஒருவர் ‘ஐ வாண்ட் டு கெட் மை ஸ்க்ரீன் சேஞ்ச்ட்’ என்று மெசேஜ் அனுப்பினார். மாற்றுவது நான்தானே? அவர் ஏன் ‘கெட்’ போடுகிறார்?
*– வாசகர், குப்பம், ஆந்திரம்*

நீங்கள் தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் ஊரில் இருப்பதால் இது உங்களுக்குச் சுலபம். கொத்தனார் வைத்து வீடு கட்டியவர் தெலுங்கில் ‘கட்டிஞ்சானு’ என்பார். கட்டச் செய்தேன் என்று பொருள். தமிழில் ‘கட்டுவித்தேன்’ என்று இலக்கணம் இருந்தாலும், கல்வெட்டுக்கு வெளியே யாரும் சொல்வதில்லை. கரண்டியையே தொடாதவரும் ‘நான் வீடு கட்டினேன்’ என்பார், நாமும் கேட்டுக்கொள்வோம். ஆங்கிலக்காரர்கள் இந்த விஷயத்தில் தெலுங்கு கட்சி. ‘ஐ கட் மை ஹேர்’ என்றால் கண்ணாடி முன் நின்று நானே கத்தரித்துக்கொண்டேன். சலூனுக்குப் போனால் ‘ஐ காட் மை ஹேர் கட்’.

வரிசை முக்கியம்: கெட், பொருள், அப்புறம் வினையின் மூன்றாம் வடிவம். கெட் – மை ஸ்க்ரீன் – சேஞ்ச்ட். செய்கிற ஆளைச் சொல்ல வேண்டுமானால் நடுவே ‘டு’ வரும்: ‘ஐ காட் ஹிம் டு சேஞ்ச் தி ஸ்க்ரீன்’. இதே இடத்தில் ‘மேட் ஹிம்’, ‘ஹேட் ஹிம்’ என்றால் ‘டு’ வரக்கூடாது. ‘காட் ஹிம் டு’ என்பதில் கொஞ்சம் பேசிச் சம்மதிக்க வைத்த வாடையும் அடிக்கும். உங்கள் வாடிக்கையாளர் பேரம் பேசினாரா என்று எனக்குத் தெரியாது.

*

நர்ஸிங் முடித்து, பிரிட்டன் போவதற்காக ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) எழுதப் படிக்கிறேன். ‘கெட்’டின் மூன்றாம் வடிவம் ஒரு வீடியோவில் ‘காட்டன்’ என்கிறார்கள், இன்னொன்றில் ‘காட்’ மட்டும்தான் என்கிறார்கள். எழுத்துத் தேர்வில் ‘கெட்’டே போடக்கூடாதாமே?
*– வாசகி, மூணாறு*

தேயிலைத் தோட்ட லயத்து வீட்டிலிருந்து லண்டனுக்குக் கிளம்பும் இன்னொரு பெண்ணா, சந்தோஷம்.

‘காட்டன்’ புதுக் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. பழைய ஆங்கிலேயர்கள் கடல் கடந்து கொண்டுபோன வடிவம் அமெரிக்காவில் தங்கிவிட்டது, இங்கிலாந்தில் வழக்கொழிந்தது. ‘ஃபர்காட்டன்’ என்ற சொல்லுக்குள் அங்கேயும் இன்னும் உயிரோடு இருக்கிறது. பிரிட்டனில் ‘கெட் – காட் – காட்’. அமெரிக்காவில் ‘கெட் – காட் – காட்டன்’. அமெரிக்கர் ‘ஐ ஹேவ் காட்டன் எ லெட்டர்’ என்றால் கடிதம் வந்து சேர்ந்தது. அவரே ‘ஐ ஹேவ் காட் எ லெட்டர்’ என்றால் கையில் இருக்கிறது, அவ்வளவுதான். பிரிட்டன் போகிற உனக்கு ‘காட்’ போதும்.

ஓஇடியில் நர்ஸுகளுக்கு எழுத்துப் பகுதி ஒரு கடிதம்தான், அதுவும் 180 முதல் 200 சொற்களுக்குள். வேறொரு மருத்துவருக்கோ நர்ஸுக்கோ நோயாளியின் நிலையைச் சொல்லும் கடிதம். அதில் ‘ஹி காட் ஃபீவர், தென் ஹி காட் பெட்டர்’ என்றால் டீக்கடைப் பேச்சு மாதிரி ஆகிவிடும். ‘டெவலப்ட் எ ஃபீவர்’, ‘ரெஸீவ்ட் ஆன்டிபயாடிக்ஸ்’, ‘இம்ப்ரூவ்ட்’, ‘பிகேம் பிரெத்லெஸ்’ என்று எழுது. பேச்சுத் தேர்வில் நோயாளியோடு பேசும்போது மட்டும் அந்த விறைப்பு வேண்டாம். ‘வென் டிட் தி பெயின் கெட் வொர்ஸ்?’ என்று கேட்டால்தான் மனிதர் பேசுவது போல இருக்கும்.

*

‘யூஸ்ட் டு’, ‘கெட் யூஸ்ட் டு’ – இரண்டும் ஒன்றா?
*– வாசகி, வாளையாறு*

நேர் எதிர் என்றே சொல்லலாம். கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்கு வாக்கப்பட்டு வந்த பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அம்மா வீட்டில் பானைத் தண்ணீர். இங்கே பதிமுகம் என்ற மரத்துண்டு போட்டுக் காய்ச்சிய சிவப்புத் தண்ணீர், அதுவும் சுடச்சுட. ‘ஐ யூஸ்ட் டு ட்ரிங்க் கோல்ட் வாட்டர்’ – முன்பு குடிப்பேன், இப்போது இல்லை. ‘ஐ ஆம் கெட்டிங் யூஸ்ட் டு ட்ரிங்கிங் ஹாட் வாட்டர்’ – மெல்ல மெல்லப் பழகிவருகிறது. முதலாவதில் ‘ட்ரிங்க்’, இரண்டாவதில் ‘ட்ரிங்கிங்’.

*

கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனி இன்டர்வியூவில், இப்போதைய சம்பளம் கேட்டபோது ‘ஐ ஆம் கெட்டிங் ஃபிஃப்டீன் தவுஸண்ட்’ என்றேன். தப்பா? கடைசியில் ‘வீ வில் கெட் பேக் டு யூ’ என்றார்கள். வேலை கிடைத்ததா, இல்லையா?
*– வாசகர், எலப்புள்ளி*

மாதாமாதம் வருவதற்கு ‘ஐ கெட்’ போதும், ‘-இங்’ வேண்டாம். இன்டர்வியூவில் ‘மை ஸாலரி இஸ்’ என்று தொடங்குவது இன்னும் கௌரவம். இதற்காக யாரும் வேலையை மறுக்க மாட்டார்கள், கவலைப்படாதீர்கள்.

‘கெட் பேக் டு யூ’ என்றால் ‘பதிலோடு உங்களைத் தொடர்புகொள்கிறோம்’. என்ன பதில் என்றும் எப்போது என்றும் அதில் இல்லை. ஒரு வாரம் பாருங்கள். சத்தமில்லை என்றால் இரண்டே வரியில் மெயில் போடுங்கள்: ‘ஐ அட்டெண்டெட் தி இன்டர்வியூ லாஸ்ட் வீக். குட் யூ ப்ளீஸ் லெட் மீ நோ தி ரிசல்ட்?’