எம்.எஸ்சி. நர்சிங் சேரும் முன் அந்த ஓ.டி.பி.யை நிறுத்துங்கள்

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்து நான்கு வருடமாகத் தனியார் மருத்துவமனையில், குழந்தைகள் ஐ.சி.யூ.வில் வேலை பார்க்கிறேன். கைக்கு 24,000 ரூபாய் வருகிறது. எம்.எஸ்சி.யில் குழந்தை நலமோ மனநலமோ எடுத்துப் படிக்க ஆசை. 4 லட்சம் கல்விக்கடன் வாங்கலாமா? அண்ணன் கடைக்காக என் பெயரில் பர்சனல் லோன் ஓடுகிறது. மூன்று முறை டாப்-அப் (அதே லோன்மேல் கூடுதல் கடன்) செய்தாகிவிட்டது. 16% வட்டியில் பாக்கி 2.6 லட்சம், இன்னும் 4 வருடம், மாதம் 7,370. அண்ணன் சில மாதம் தருவார், சில மாதம் தர மாட்டார். போன டாப்-அப்புக்கு நைட் டியூட்டியில், சிரிஞ்ச் பம்ப் அலாரம் அடித்துக்கொண்டிருக்கும்போது போனில் ஓ.டி.பி. சொன்னேன். மாதம் 5,000 யூலிப்பில் (காப்பீடும் முதலீடும் சேர்ந்த பாலிசி) போட்டால் இரண்டாம் வருட ஃபீஸுக்கு ஆகும் என்கிறார் ஏஜென்ட்.

பதில்: கல்விக்கடனைக் கண்டு நீங்கள் பயப்பட வேண்டாம். படிப்புக் காலமும் அதன் பிறகு ஒரு வருடமும் அது பொதுவாகக் காத்திருக்கும். வருடத்துக்கு 2 லட்சமாக வாங்கினால், 10% தனிவட்டியில் அதுவரை சுமார் 1 லட்சம் சேரும். 5 லட்சத்தை 7 வருடத்தில் அடைக்க மாதம் 8,300 வரும். கஷ்டம்தான், ஆனால் வேலையில் இருக்கும்போது கட்டுவது.

அண்ணனின் கடன் காத்திருக்காது. படிக்கும் 24 மாதமும் சம்பளம் இருக்காது, 7,370 மட்டும் தேதி தவறாமல் போகும். மொத்தம் 1.77 லட்சம். அண்ணன் தராத மாதங்களில் அது எங்கிருந்து வரும்? ஹாஸ்டலுக்கும் புத்தகத்துக்கும் எடுத்த பணத்திலிருந்துதான். அப்படியானால் நீங்கள் கல்விக்கடன் வாங்கிக் கடை நடத்துகிறீர்கள். ஒரு தவணை தவறினாலும் சிபில் கடன் பதிவில் விழுவது உங்கள் பெயர்.

கடனைவிட மோசமானது அந்த டாப்-அப் பழக்கம். ஒவ்வொரு முறையும் பாக்கி ஏறுகிறது, தவணைக் காலம் முதலிலிருந்து தொடங்குகிறது, அதுவரை கட்டியதில் கணிசமான பகுதி வட்டியோடு போய்விடுகிறது. அண்ணன் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. கேட்டால் ஐந்து நிமிடத்தில் பணம் வருகிறது, அவர் ஏன் வேறு வழி தேடப் போகிறார்?

யூலிப்புக்கு ஐந்து வருட லாக்-இன், அதுவரை பணத்தை எடுக்க முடியாது. உங்கள் படிப்பு இரண்டு வருடம். ஏஜென்ட்டுக்கு இந்தக் கழித்தல் கணக்கு தெரியாமலா இருக்கும்! அந்த 5,000-ஐ மாதாமாதம் தவணைக்கு மேல் லோனில் பார்ட் பேமென்ட்டாகக் கட்டுங்கள் (கட்டணம் பிடிப்பார்களா என்று முதலில் கேளுங்கள்). 48 மாதம் 25 மாதமாகக் குறையும். அண்ணனும் மாதம் 5,000 தந்தால் 17 மாதத்தில் முடிந்துவிடும். அதற்கு அடுத்த அட்மிஷனில் சேரலாம். வங்கியில் கல்விக்கடன் வட்டிக்கு வரிச்சலுகை என்று ஆசை காட்டினால் கண்டுகொள்ளாதீர்கள். உங்கள் சம்பளத்துக்கு வரியே கிடையாது.

குழந்தை நலமா மனநலமா என்று சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் பணம் சார்ந்து ஒன்று சொல்லலாம். எம்.எஸ்சி. பலரைக் கல்லூரி ஆசிரியர் வேலைக்குத்தான் கொண்டுபோகிறது. வார்டிலேயே இருந்தால் சம்பளம் பெரிதாக ஏறாமலும் போகலாம். போன வருடம் முடித்த இரண்டு சீனியர்களிடம், ஆஃபர் லெட்டரில் போட்டது இருக்கட்டும், கைக்கு எவ்வளவு வருகிறது என்று கேளுங்கள். அது 8,300-ஐத் தாங்கவில்லை என்றால், மனநலத்திலும் பச்சிளம் குழந்தைப் பராமரிப்பிலும் ஓராண்டு போஸ்ட் பேசிக் டிப்ளமோ இருக்கிறது. சம்பளமில்லாத காலம் பாதியாகும். எம்.எஸ்சி.தான் என்றால் பெங்களூரு நிம்ஹான்ஸ், சென்னை மருத்துவக் கல்லூரி மாதிரி அரசு இடங்களுக்கு முதலில் முயலுங்கள். அங்கே கிடைத்தால் 4 லட்சமே தேவைப்படாது.

இந்த வாரமே லோன் ஆப்பில் ப்ரீ-அப்ரூவ்டு (முன்கூட்டியே ஒப்புதலான) கடன் சலுகைகளை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள். அப்புறம் அண்ணனிடம், "படிக்கப் போறேன், இனி என் பே ஸ்லிப்ல லோன் கிடைக்காதுண்ணா" என்று சொல்லுங்கள். அதில் பொய் எதுவும் இல்லை.