இருவர் காட்சி: யாருக்கு எதைக் கொடுப்பது?

கேள்வி: 17, 18 வயதுப் பெண்களுக்கு நடிப்பு வகுப்பு எடுக்கிறேன். ஆண்டு முடிவில் இருவர் இருவராக ஒரு காட்சி நடித்துக் காட்ட வேண்டும். காட்சியை அவர்களையே எடுத்துவரச் சொன்னால், எல்லா ஜோடியும் அழுகைக் காட்சியோடு வந்து நிற்கிறது. நானாக எதைக் கொடுக்கலாம்?

பதில்: கண்ணீர் வந்தால்தான் நடிப்பு என்று அந்த வயதில் தோன்றும். சிலருக்கு வயது ஏறியும் அது போவதில்லை. அழுகைக் காட்சியில் என்ன தொல்லை என்றால், ஒருத்தி அழுவாள், இன்னொருத்தி முதுகைத் தடவிக்கொண்டு "அழாதேடி", "அப்புறம்?" என்பாள். தடவுகிறவளுக்கு அங்கே கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. அதனால் பிரதி கைக்கு வந்ததும், ஒருத்தியின் வசனங்களைத் தாளால் மறைத்துவிட்டு மற்றவளுடையதை மட்டும் படிப்பேன். எதிரே இருப்பவளிடமிருந்து அவளுக்கு ஏதாவது வேண்டியிருக்கிறதா? இல்லையென்றால் பிரதியை மூடிவிடுவேன். இருந்தால், அடுத்த பக்கத்தை மறைத்து இன்னொரு முறை.

இதில் தேறுகிறவற்றில் எனக்கு முதலாவது கம்பனின் மந்தரை சூழ்ச்சிப் படலம். தூங்கும் கைகேயியின் காலைத் தொட்டு எழுப்புகிறாள் மந்தரை. விழித்த பிறகும் கண்ணில் உறக்கம் நீங்கவில்லை என்கிறான் கம்பன். ஒரு நடிகைக்கு இதைவிட நல்ல தொடக்கம் யார் தருவார்? இராமனுக்கு முடிசூட்டு என்று கேட்டதும் கைகேயி மகிழ்ந்து மாலை ஒன்றைப் பரிசாகக் கொடுக்கிறாள். கூனி அதை நிலம் குழிய எறிகிறாள். மாலை விழுந்த அடுத்த நொடி இருவரும் எங்கே பார்க்கிறார்கள்? அதற்கே ஒரு நாள் ஒத்திகை வையுங்கள். கைகேயி உடனே மாறிவிடுவதும் இல்லை. நீ எனக்கும் நல்லவள் இல்லை, என் மகன் பரதனுக்கும் நல்லவள் இல்லை என்று சீறுகிறாள். கோசலையின் கை ஓங்கிவிடும் என்று ஒரு வாதம், சீதையின் தகப்பனால் உன் பிறந்த வீட்டுக்கு ஆபத்து என்று இன்னொன்று, இப்படி மந்தரை மாற்றி மாற்றித் தைக்கிறாள். எந்தச் சொல்லில் கைகேயி விழுந்தாள் என்பதை அந்த இரண்டு பெண்களே முடிவு செய்யட்டும். உங்களுக்கு விடை தெரிந்திருந்தாலும் வாயைத் திறக்காதீர்கள். செய்யுளாகவே பேச வேண்டியதில்லை. பாட்டைப் படித்துப் புரிந்துகொண்டு தங்கள் பேச்சில் எழுதிவரச் சொல்லுங்கள். முதுகை ஒரேயடியாக வளைத்துக்கொண்டு நிற்பது மட்டும் வேண்டாம். கழுத்து பிடித்துக்கொள்ளும், குரலும் வெளியே வராது.

அடுத்தது கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸின் 'ஆன்டிகனி', கி.மு. 441 வாக்கில் எழுதியது. முதல் காட்சியே சகோதரிகள் இருவருடையது. போரில் இறந்த சகோதரனை அடக்கம் செய்யக் கூடாது என்பது அரச ஆணை. மீறப் போகிறேன், கூட வருகிறாயா என்று கேட்கிறாள் ஆன்டிகனி. எல்லாப் பெண்களும் அவளாகத்தான் நடிப்பேன் என்பார்கள். என்னைக் கேட்டால் அவள் சகோதரி இஸ்மீனிதான் கனமான வேஷம். பயப்படுகிறாள், மறுக்கிறாள், ஆனாலும் கூடப் பிறந்தவளை விட முடியவில்லை. ரகசியமாகவாவது செய், நானும் வெளியே சொல்ல மாட்டேன் என்கிறாள். எல்லோரிடமும் போய்ச் சொல் என்று பதில் வருகிறது! வகுப்பில் சத்தமாகப் பேசுகிற பெண்ணிடம் இஸ்மீனியைக் கொடுங்கள், அடங்கியிருக்கிற பெண்ணிடம் ஆன்டிகனியை. ஒரு வாரம் கழித்து மாற்றிப் போடுங்கள். (அந்தக் காலத்து ஏதென்ஸில் இருவரையும் முகமூடி போட்ட ஆண்கள்தான் நடித்தார்கள்.)

நீளம் ஆறேழு நிமிஷம் போதும். பாட்டி வேஷத்தை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். நரைக்குப் பவுடரும் நடுங்குகிற கையும்தான் மிஞ்சும்.

கேள்வி: ஸ்ட்ரிண்ட்பெர்கின் 'தி ஸ்ட்ராங்கர்' நாடகத்தை எனக்கும் தோழிக்கும் கொடுத்திருக்கிறார்கள். வசனம் முழுக்க அவளுக்கு. எனக்கு ஒரு வரிகூட இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கவா நடிப்புப் படிக்க வந்தேன்?

பதில்: கொடுத்துவைத்தவர் நீங்கள். 1889-ல் மேடையேறிய நாடகம் அது. ஒரு கஃபேயில் இரண்டு நடிகைகள். மணமானவள் பேசிக்கொண்டே போகிறாள். கணவனின் செருப்பில் தான் ட்யூலிப் பூ தைக்க நேர்ந்தது, எதிரே இருப்பவளுக்கு ட்யூலிப் பிடிக்கும் என்பதால்தான் என்பது பேச்சின் நடுவே அவளுக்கு உறைக்கிறது. யார் சொல்லி உறைக்கிறது? உங்கள் முகத்தைப் பார்த்துத்தான். நீங்கள் மரமாக உட்கார்ந்தால் தோழியால் அடுத்த வரிக்கே போக முடியாது. நீங்கள் சிரிக்கும் இடமும், பேச வாயெடுக்கும் இடமும் பிரதியிலேயே இருக்கின்றன, தேடிப் பாருங்கள். மனசுக்குள் சொல்லும் பதில்களை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அதைத் தோழிக்குக் காட்டாதீர்கள்.

கேள்வி: சிரிக்க வைக்கிற மாதிரி, இரண்டு பெண்களுக்கு ஒன்று சொல்லுங்களேன்.

பதில்: ஆஸ்கர் வைல்டின் 'தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்' (1895), இரண்டாம் அங்கத்துத் தேநீர்க் காட்சி. சர்க்கரை வேண்டாம் என்கிறாள் க்வென்டலன். செசிலி நாலு கட்டி போடுகிறாள். வேலைக்காரர்கள் பக்கத்தில் நிற்பதால்தான் இருவரும் மரியாதையாகச் சண்டை போடுகிறார்கள். ஆகவே பேசாத ஒருவரையாவது நிறுத்துங்கள். இருவர் காட்சி என்று அவரை வெட்டினால் சிரிப்பும் கூடவே போய்விடும்.

கேள்வி: ஆண்கள் இருவருக்காக எழுதிய காட்சியைப் பெண்கள் நடிக்கலாமா?

பதில்: வகுப்பில் தாராளமாக. டிக்கெட் போட்டு மேடையேற்றுவதானால் முதலில் உரிமை கேளுங்கள். ஆண்களுக்காக எழுதிய 'வெயிட்டிங் ஃபார் கோடோ' நாடகத்தை நெதர்லாந்தில் பெண்கள் போட்டதற்கு, அதை எழுதிய பெக்கெட் 1988-ல் கோர்ட்டுக்கே போனார். வழக்கில் தோற்றார் என்பது வேறு விஷயம்.