உண்டியல் நிறைந்த பிறகு

அன்புள்ள ஐயா,

சோ யோங் கிம் இயக்கிய 'ட்ரீலெஸ் மவுண்டன்' என்ற கொரியப் படத்தை என் இரண்டு மகள்களுடன் பார்த்தேன். தாய் கடைசிவரை திரும்பி வரவில்லை. தொடக்கநிலை இரண்டில் படிக்கும் பெரியவள், "உண்டியல்தான் நிறைந்துவிட்டதே!" என்று அழுதுவிட்டாள். பிள்ளைகளை இப்படி ஏமாற்றும் கதையை எதற்காக எடுக்க வேண்டும்?

வாசகி, ஈசூன்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் அழுதது சரியான இடத்தில்தான்.

2008இல் வந்த படம் அது. பிரிந்துபோன கணவனைத் தேடிச் செல்லும் தாய், ஜின், பின் என்ற இரு சிறுமிகளையும் அத்தை வீட்டில் விட்டுச் செல்கிறாள். அத்தை சொல் கேட்டு நடந்தால் ஒரு காசு கிடைக்கும். உண்டியல் நிறையும்போது வந்துவிடுவேன் என்கிறாள். அத்தைக்கோ குடியே பெரிது. சிறுமிகள் வெட்டுக்கிளிகளைப் பிடித்துச் சுட்டு விற்கிறார்கள். பெரிய காசைச் சில்லறையாக மாற்றினால் உண்டியல் விரைவில் நிறையும் என்று கண்டுபிடிக்கிறார்கள். எவ்வளவு அழகான கணக்கு! தாய் சொன்ன வாக்கில் தங்கள் பங்கை அவர்கள் எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றிவிட்டார்கள். பஸ் வருகிறது, போகிறது, அவள் வரவில்லை.

ஆனால் படம் அங்கே முடியவில்லை. தாத்தா பாட்டியின் பண்ணைக்குப் போகிறார்கள். பாட்டியின் காலணி கிழிந்திருப்பதைப் பார்த்த ஜின், புதிது வாங்கிக்கொள்ளச் சொல்லி அந்த உண்டியல் காசைக் கொடுக்கிறாள். அம்மா வருவதற்காகச் சேர்த்த காசு அது. யாரும் கேட்காமல், தானாகவே கொடுக்கிறாள். அவள் வளர்ந்தது அந்தக் கணத்தில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இயக்குநரும் சிறுவயதில் தாத்தா பாட்டியின் பண்ணையில் வளர்ந்தவர்தான். ஆனாலும் தாயை அவர் குற்றவாளியாக்கவில்லை. கேமரா அந்த இரு பிஞ்சு முகங்களை விட்டுப் பெரும்பாலும் நகர்வதில்லை. பெரியவர்களின் காரணங்கள் அவர்களைப்போலவே நமக்கும் அரைகுறையாகத்தான் காதில் விழுகின்றன.

எதற்காக எடுக்க வேண்டும் என்கிறீர்கள். நம் சிங்கப்பூர் வீடுகளில் வேலை செய்யும் பணிப்பெண்களில் பலர், பிள்ளைகளை ஊரில் பாட்டியிடம் விட்டு வந்தவர்கள். வீடியோ அழைப்பில் "எப்போது வருவாய்?" என்ற குரல் அடுக்களையிலிருந்து நமக்கும் கேட்கிறது. அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் படங்கள் மிகக் குறைவு. அதனால்தான் இதை எல்லோரும் பார்க்க வேண்டும் என்கிறேன்.

பெரியவளோடு பண்ணைப் பகுதியை மட்டும் இன்னொரு முறை பாருங்கள். அந்தக் காலணியைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்டு எழுதுங்கள்.