ஆண்கள் தினமும் கொண்டு திரிய எந்த மாதிரிப் பை நல்லது?

கேட்டவர் இரண்டு விசயம் எழுதியிருக்கிறார். வேலைக்குக் கொண்டுபோக ஒரு பை வேணும், லப்ரொப் அதுக்குள் அடங்கவேணும் என்பது ஒன்று. தோளில் குறுக்காகப் போடுகிற பையோடு போனால் கூட்டாளிமார் பகிடி பண்ணுகிறார்கள் என்பது மற்றது. வயது எழுதவில்லை. இருபத்தைந்துக்குள் இருக்கும், முதல் சம்பளம் கையில் கிடக்கும், கடையில் அறை அறையாகப் பிரித்த ஒரு பையில் ஏற்கனவே மனம் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். பிழையென்றால் மன்னிக்கவும். நான் அப்படித்தான் அகப்பட்டேன்.

ஒரே வாய் உள்ள பை வாங்குங்கோ. வாயைத் திறந்தால் அடி தெரியவேணும். உள்ளுக்குள் திறப்புக்கும் பேனைக்கும் ஒரு சின்னப் பொக்கற் போதும். என்ன நிறம், எந்தக் கொம்பனி என்பதெல்லாம் அதுக்குப் பிறகுதான்.

2007ஆம் ஆண்டு நான் வடமராட்சியிலிருந்து பஸ்ஸில் யாழ்ப்பாணம் ரவுணுக்கு வந்து ஒரு தளபாடக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சண்டை மூண்டு 2006 ஆகஸ்ட்டில் ஏ9 பாதை, யாழ்ப்பாணத்துக்கு வருகிற தரைவழி, பூட்டினபிறகு சாமான் கப்பலில்தான் வரும். சீனிக்கும் வரிசை, மாவுக்கும் வரிசை. அந்தக் காலத்தில் கடை வாசலில் ஒரு புதுப் பை தொங்கினால் நின்று பார்க்காமல் போக மனம் வராது. கறுப்பு நிறம், பதினொரு சிப். பேனைக்கு ஒரு அறை, போனுக்கு ஒரு அறை, முதுகோடு ஒட்டுகிற பக்கத்தில் ஒளித்துவைத்த மாதிரி இன்னொரு அறை. முதல் சம்பளத்தில் 1,450 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அம்மா பார்த்துவிட்டுக் கேட்டா, "உதுக்குள்ள வைக்க உன்னட்ட என்னடா கிடக்கு?"

வைக்க ஒன்றுமில்லைத்தான். சாப்பாட்டுப் பெட்டி, தண்ணிப் போத்தல், ஒரு கொப்பி. ஆனால் அறை இருந்தால் சாமான் தானாக வந்து குடியேறும்.

ஒருநாள் காலை, வழியிலிருந்த ஒரு சென்றியில், ஆமிக்காரர் நிற்கிற சோதனைச் சாவடியில், வழமைபோல எல்லாரும் இறங்கினோம். ஐடென்ரிக் கார்ட்டைக் கையில் பிடித்து, பையைத் திறந்து காட்டி, நடந்துபோய் அந்தப் பக்கத்தில் திரும்ப பஸ் ஏறவேணும். எனக்கு முன்னால் ஒரு ஐயா, கையில் பனையோலை உமல். சென்றியில் நின்ற பொடியன் குனிந்து ஒருதரம் பார்த்தான். நாலு கத்தரிக்காயும் ஒரு வெத்திலைச் சுருளும். போகச்சொல்லிக் கை காட்டினான்.

என்னுடைய முறை. ஒன்றைத் திறந்தேன், மற்றதைக் காட்டினான். அதைத் திறந்தேன், அடுத்ததைக் காட்டினான். ஏழாவதுக்கு வரும்போது பின்னால் நின்ற சனம் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டது. பத்தாவதோடு முடிந்தது என்று பையைத் தூக்கப் போனேன். அவன் பையை ஒருக்கால் தடவிப் பார்த்து, முதுகுப் பக்கத்து அறையில் விரலை வைத்தான். "மே மொகக்த?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

அதுக்குள் ஒரு ரெஸ்ரர், இரண்டு ரோச் பற்றி, ஒரு சாண் சிவப்பு வயர். மாமாவின் றேடியோவைத் திருத்தவென்று மூன்று கிழமைக்கு முன்னர் வைத்தது. அப்படியொரு அறை இருப்பதையே மறந்துபோனேன். தனித்தனியே பார்த்தால் மூன்றும் கடைச் சாமான்தான். 2007இல், ஒளிப்பறை ஒன்றுக்குள், மூன்றையும் சேர்த்து வைத்துப் பாருங்கோ.

பஸ் போய்விட்டது. வேப்பமரத்துக்குக் கீழே குந்தியிருந்தேன், பின்னேரம் மூன்று மணிவரைக்கும். முதலாளி வந்து கதைத்தபிறகுதான் விட்டார்கள். அடிக்கவில்லை, அதையும் சொல்லவேணும். அந்தப் பொடியன்தான் தண்ணியும் தந்தான். ஆனால் அந்தக் காலத்தில் அப்படி இருத்தி வைக்கப்பட்ட எல்லாரும் பின்னேரம் வீடு வந்து சேரவில்லை. அம்மா கனநாள் சரியாக நித்திரை கொள்ளவில்லை.

இரண்டொரு நாள் கழித்து அதே பஸ்ஸில் உமல் ஐயாவைக் கண்டேன். இடம் விட்டு இருக்கச் சொன்னார். "தம்பி, உம்மட பைக்குள்ள என்ன கிடக்கெண்டு உமக்கே தெரியேல்லை. பிறகு அவனுக்கு என்னெண்டு காட்டுவீர்?"

இப்ப சென்றி எங்கே இருக்கு, பை கேட்டவனுக்கு இவர் பழங்கதை படிக்கிறார் என்று ஒருவர் கீழே எழுதத்தான் போகிறார். எழுதட்டும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகு வந்த நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழாவில் பையைத் திறந்து காட்டித்தான் உள்ளே போனோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ளே இருப்பது வெளியே தெரியிற பிளாஸ்ரிக் பையைக் காவிக்கொண்டு திரிந்ததும் அந்த வருசம்தான். அதையும் விடுங்கோ. 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில், பங்கு வாங்கப் பெற்றோல் செற்றில் கியூஆர் காட்டவேண்டிய நேரத்தில், பிரிண்ட் எடுத்த துண்டை எந்த அறையில் வைத்தோம் என்று தேடி, பின்னால் நின்றவர்களிடம் பேச்சு வாங்கினவர்கள் எத்தனை பேர்?

சரி, துணிக்கு வருவோம். கடையில் "600 டெனியர், 1,000 டெனியர்" என்று சொல்லுவார்கள். டெனியர் என்பது 9,000 மீற்றர் நூலின் நிறை எத்தனை கிராம் என்ற கணக்கு. இலக்கம் கூடினால் நூல் தடிப்பு, அவ்வளவுதான். ஒரே தடிப்பென்றால் பொலியெஸ்ரரைவிட நைலோன் பொதுவாகக் கனகாலம் உழைக்கும். அதைவிட முக்கியம் உட்பக்கப் பூச்சு. மழைக்கு நனையாமல் இருக்க உள்ளே பொலியூரித்தேன் பூசியிருப்பார்கள். ஈரமும் சூடும் சேர்ந்த எங்கள் காலநிலையில் அது நாலைந்து வருசத்தில் பிசுபிசுத்து, சொடுகு மாதிரி உதிரும். லப்ரொப் முழுக்க வெள்ளைத் தூள். தோல் மாதிரி மினுங்குகிற "பியூ லெதர்" பைகள் மேலாலேயே உரியும். அதை வாங்கவே வேண்டாம். பையை அலமாரிக்குள் மடித்து வைக்காமல் காற்றுப்படத் தொங்கவிட்டால் பூச்சு கொஞ்சம் கூட நாள் நிற்கும்.

சிப்பில் பெரும்பாலும் முதலில் பழுதாவது பல் இல்லை, ஓடுகிற தலைதான். சிப் இழுத்தபிறகும் பின்னால் பிளந்துகொண்டு வந்தால், தலையின் இரண்டு பக்கத்தையும் குறட்டால் மெல்ல அமத்திப் பாருங்கோ. அரைவாசிப் பைகள் பிழைக்கும். இறுகினால் மெழுகுதிரி பூசுங்கோ. வாங்கும்போது 8 அல்லது 10 இலக்கச் சிப் என்றால் நல்லது. அந்த இலக்கம் மூடின பல்லின் அகலம் ஏறக்குறைய எத்தனை மில்லிமீற்றர் என்பது. கடற்காற்று அடிக்கிற ஊரில் இரும்புப் பல்லு வேண்டாம், நைலோன் சுருள் சிப் போதும்.

வார் பையோடு சேருகிற இடத்தைத் திருப்பிப் பாருங்கோ. ஒரு பெட்டியும் அதுக்குள் பெருக்கல் குறியும் மாதிரித் தையல் இருந்தால் சரி. ஒற்றைக் கோடு என்றால் ஆறு மாதத்தில் பஸ் ஸ்ராண்ட் பக்கத்தில் செருப்புத் தைக்கிற ஐயாவிடம் போவீர்கள். உண்மையைச் சொன்னால், புதுப் பை வாங்கின உடனேயே அவரிடம் கொடுத்து வாரை இரட்டைத் தையல் போடுவிப்பதுதான் என் வழக்கம். கொம்பனித் தையலைவிட அவருடைய தையலை நம்புவேன்.

அளவு 15 தொடக்கம் 18 லீற்றர். அதுக்கு மேல் போனால் வீட்டுக்காரி தேங்காயும் வாங்கிவரச் சொல்லுவா. மோட்டார் சைக்கிள் ஓடுகிறவர் என்றால் இரண்டு தோளிலும் போடுகிற பைதான். ஒற்றை வார்ப் பை திருப்பத்தில் முன்னால் சுழன்று ராங்கில் அடிக்கும். முதுகு நனையும், அதுக்கு மருந்தில்லை. நிறம்? எங்கள் வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணுக்கு மண்ணிறம்தான் சரி (கலியாணம் கட்டி இப்ப இந்தப் பக்கம்). வெளிர் நிறப் பையைக் கிணத்துத் தண்ணியில் கழுவினால் சுண்ணாம்புக் கோடு வேறு விழும். உள்துணி மட்டும் வெளிறலாக இருக்கட்டும். கறுப்புத் துணிக்குள் கறுப்புச் சார்ஜரைத் தேடிப் பார்த்தவருக்குத்தான் ஏன் என்று தெரியும். ஆமிக்காரரின் உடுப்பு மாதிரிப் புள்ளி போட்ட பையை ஆர் சும்மா தந்தாலும் நான் தொடமாட்டேன்.

பகிடியைப் பற்றி. என்னையும் "மருத்துவிச்சி வாறா" என்று சொல்லித்தான் சிரித்தார்கள். நல்லூருக்கு மேல்சட்டை இல்லாமல் வேட்டியோடு வந்து, போனையும் மோட்டார் சைக்கிள் திறப்பையும் மடியில் செருகி, விழுந்து கும்பிட எழும்ப இரண்டும் சிதறி ஓடினபிறகு, அதே ஆட்கள் தங்கள் சாமானை என்னுடைய பையில்தான் போட்டார்கள். சும்மா சொல்லவில்லை, ஒருவன் செருப்பையும் போடப் பார்த்தான்.

எனக்குப் பிடிபடாத ஒன்று இருக்கு. ரவுணில் ஒரு பெரிய கடையில் ஆம்பிளையின் பை என்றால் வாசலில் வாங்கிவைத்து ரோக்கன் தருவார்கள். பக்கத்தில் என் மனிசி என்னுடையதைவிடப் பெரிய ஹான்ட் பாக்கோடு உள்ளே போவா. பெண்களின் பையையும் வாங்கிவையுங்கோ என்று நான் கேட்கவில்லை, சண்டைக்கு வராதேங்கோ. ஆனால் கள்ளன் என்று நினைக்கிறதுக்கு மீசை மட்டும் போதுமா?

பை என்றவுடன் இன்னொன்று. வெளிநாட்டிலிருந்து திருவிழாவுக்கு வருகிற சொந்தங்களே, மாநாட்டில் சும்மா கொடுத்த, வங்கி விளம்பரம் அடித்த பையை "உனக்கெண்டு பார்த்து வாங்கினது" என்று தராதேங்கோ. எங்களுக்கும் ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். என்னிடம் அப்படி மூன்று கிடக்கு. மூன்றிலும் ஒரே ஆண்டு அடித்திருக்கு.

பதினொரு சிப் பையை நான் எறியவில்லை. பூச்சு உதிர்ந்து, வார் அறுந்து, இப்பவும் அம்மாவின் அலமாரியில் இருக்கு. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அப்பாவின் பென்சன் கடிதங்கள், நகை அடைவு வைத்த துண்டுகள் எல்லாம் அதுக்குள்தான். போன மாதம் உறுதியை எடுக்கப் போய் ஒவ்வொரு சிப்பாக இழுத்துக்கொண்டிருந்தேன். அம்மா குசினிக்குள் நின்றபடி சொன்னா, "முதுகுப் பக்கத்து அறையைப் பார்."