பிங் போகவில்லை, ஆனால் சர்வர் ஓடுகிறது: எதை நம்புவது?

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்கு பைத்தானில் பில்லிங் எழுதிக் கொடுத்திருக்கும் வாசகர் கேட்கிறார்: "கப்பலூர் குடோனில் இருக்கும் போஸ்ட்கிரஸ் (தரவுத்தளம்) சர்வர் ஓடுகிறதா என்று ஒவ்வொரு பில்லுக்கும் முன்னால் பிங் அடித்து, அதாவது 'இருக்கிறாயா' என்று ஒரு சின்ன செய்தி அனுப்பிப் பார்க்கிறேன். சில நாள் பிங் இல்லை என்கிறது, ஆனால் கையால் இணைத்தால் இணைகிறது. சில நாள் பிங் சரி என்கிறது, பில் திரை அப்படியே உறைந்து நிற்கிறது. என்ன செய்ய?"

முதலில் அந்த பிங்கை எடுத்துவிடுங்கள். பிங் போவது ஐசிஎம்பி என்ற நெட்வொர்க் நெறிமுறையில், உங்கள் பில் போவது டிசிபி என்ற வேறொரு நெறிமுறையில், போஸ்ட்கிரஸ் காத்திருக்கும் வாசலான 5432 போர்ட்டுக்கு. நெட்வொர்க்குக் காவலாளியான ஃபயர்வால் ஒன்றை மறித்து இன்னொன்றை விடுவது சர்வசாதாரணம். பிங்குக்குப் பதில் சொல்வதும் இயங்குதளம்தான், போஸ்ட்கிரஸ் படுத்துக்கிடந்தாலும் பதில் வரும். இன்னொன்று, விண்டோஸில் பிங் கட்டளையை ஓட்டி அது திருப்பும் எண்ணைப் பார்க்கிறீர்களா? 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று திரையில் வரும்போதும் அது 0 திருப்பக்கூடும், உங்கள் நிரல் அதை வெற்றி என்று எடுத்துக்கொள்ளும்.

சரி, 5432-ஐத் தட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் பில் போடலாமா என்றால் அதுவும் வேண்டாம், தட்டியதற்கும் பில் போடுவதற்கும் நடுவில் லைன் போகலாம். நேராக பில்லையே போடுங்கள், ஆனால் நேர வரம்போடு. பைத்தானிலிருந்து போஸ்ட்கிரஸை இணைக்கும் சைகோபிஜி நூலகத்தில் கனெக்ட் டைம்அவுட் (இணைய எவ்வளவு நேரம் காத்திருப்பது) 3 வினாடி என்று கொடுங்கள். கொடுக்காவிட்டால் பதிலே வராத முகவரிக்கு விண்டோஸ் சுமார் 21 வினாடி, லினக்ஸ் சுமார் 127 வினாடி காத்திருக்கும். தீபாவளி நேரத்தில் கல்லாவுக்கு முன்னால் நிற்கும் வரிசையை நினைத்துப் பாருங்கள். ஏற்கெனவே திறந்து வைத்த இணைப்புக்கு இந்த வரம்பு உதவாது, அதற்கு கீப்அலைவ் ஐடிலை (சும்மா கிடக்கும் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் முன் காத்திருக்கும் நேரம்) 30 வினாடியாகக் குறையுங்கள், இயல்பில் அது 2 மணி நேரம்.

பிழையின் வகையையும் படியுங்கள். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று உடனே வந்தால் பெரும்பாலும் மெஷின் இருக்கிறது, போஸ்ட்கிரஸ்தான் ஓடவில்லை. 'டைம்டு அவுட்' என்றால் மின்சாரம், லைன், ஃபயர்வால் மூன்றில் ஒன்று. இரண்டையும் திரையில் தனித்தனியாகக் காட்டினால் குடோனுக்கு போன் போட்டு எதைப் பார்க்கச் சொல்வது என்று கல்லாவில் இருப்பவருக்கே தெரிந்துவிடும்.

நான் மிகவும் கவலைப்படும் இடம் ஒன்று உண்டு. பில்லை நிரந்தரமாகப் பதிவு செய்யச் சொல்லும் கமிட் கட்டளையை அனுப்பியபின் பதில் வருவதற்குள் லைன் போனால், பில் பதிவானதா இல்லையா என்று உங்கள் நிரலுக்குத் தெரியவே தெரியாது. பதிவாகியிருக்கும்போது மறுபடி அனுப்பினால் ஒரே பில் இரண்டு தடவை ஏறும், சரக்கு இருப்பும் இரண்டு தடவை குறையும். அதனால் பில் எண்ணைக் கடையிலேயே உருவாக்கி, டேபிளில் அந்த எண்ணுக்கு யூனிக் (ஒரே எண் இரண்டு தடவை ஏறக்கூடாது என்ற விதி) போட்டுவிடுங்கள். பில்லும் இருப்புக் குறைப்பும், இரண்டும் சேர்ந்தே பதிவாகும் அல்லது இரண்டுமே ஆகாதபடி, ஒரே டிரான்சாக்‌ஷனில் இருக்கட்டும். மறுமுறை அனுப்பும்போது 'ஏற்கெனவே இருக்கிறது' என்று பிழை வந்தால் முதல் தடவையே பதிவாகிவிட்டது, தைரியமாக பில்லை அச்சடித்துக் கொடுக்கலாம்.