வடமாநிலத் தொழிலாளர் வருகை, அவர்கள் பிள்ளைகளின் படிப்பு, டிவி விவாதங்கள்: உங்கள் சொந்தக் கருத்து என்ன?

கேள்வி கேட்டவர் மூன்று விஷயம் கேட்டிருக்கிறார். வடமாநிலத்தவர் இவ்வளவு பேர் தமிழ்நாட்டுக்கு வருவது சரியா, அவர்கள் பிள்ளைகளை நம் அரசுப் பள்ளிகள் ஏன் சுமக்க வேண்டும், செய்தி சேனல்கள் இதை ஒழுங்காகக் காட்டுகின்றனவா. மூன்றையும் கலந்துகட்டித்தான் சொல்வேன், தனித்தனியாகச் சொல்ல எனக்கு வராது.

முதலில் என்னைப் பற்றி. திருப்பூரில் வீட்டுக்காரரும் நானும் பன்னிரண்டு மிஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுக்கிறோம். டெய்லர்களில் நாலு பேர் பிகார்ப் பையன்கள். மகள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் படிக்கிறாள், அங்கே பள்ளி மேலாண்மைக் குழுவில் நான் உறுப்பினர். ஆக, இந்த விஷயத்தில் எனக்கு லாபமும் உண்டு, தலைவலியும் உண்டு. நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

திருப்பூர்க்காரி என்று சொல்லிக்கொள்வதும் முழு உண்மை இல்லை. அப்பாவுக்கு உசிலம்பட்டிப் பக்கம். 1988-இல் மழை பொய்த்து, கடனும் ஏறி, அம்மாவையும் ஒரு டிரங்குப் பெட்டியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறியவர். பனியன் கம்பெனியில் பீஸ் அடுக்கிக் கட்டும் வேலை மறுநாளே கிடைத்தது. வீடுதான் கிடைக்கவில்லை. "தெக்கத்திக்காரங்களுக்கு ஊடு உடறதில்லீங்" என்று மூன்று வீட்டில் சொன்னார்களாம். குடிப்பார்கள், அரிவாள் எடுப்பார்கள், ஒரு ரூமில் எட்டுப் பேர் படுப்பார்கள், கூலியைக் கெடுப்பார்கள். இன்றைக்கு எங்கள் வீதியில் "வடக்கனுக்கு வீடு கிடையாது" என்று போர்டு மாட்டாத குறையாகப் பேசுகிறவர் யாரென்று நினைக்கிறீர்கள்? தேனியிலிருந்து வந்து இரண்டு லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் அண்ணன். சொல்கிற குற்றச்சாட்டுகூட மாறவில்லை, அரிவாளுக்குப் பதில் பான்பராக், அவ்வளவுதான்.

இதனால் கூலிப் பிரச்சினையே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது. எங்கள் ஊரில் எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், பன்னிரண்டு மணி நேரம் என்றால் ஒன்றரை ஷிப்ட். ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் ஊரில், ஷிப்மென்ட் தேதி நெருங்கினால் எல்லாருக்கும் ஒன்றரை ஷிப்ட் ஆள்தான் வேண்டும். கம்பெனி விடுதியில் தங்கி, காலையில் இறங்கி இரவு ஏறும் பையனால் அது முடியும். சாயங்காலம் நாலரைக்குப் பள்ளியிலிருந்து பிள்ளையைக் கூட்டிவர வேண்டிய செக்கிங் அக்காவால் முடியாது. அவர் வேலை போனதற்கு அந்தப் பையன் மேல் கோபப்பட்டு என்ன பயன்? குடும்பத்தை ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் விட்டுவிட்டு வருகிற ஒருவனின் அளவெடுத்து வேலையை வெட்டியிருக்கிறார்கள். அந்த அளவு வேறு யாருக்கும் பொருந்தாது.

வெளிமாநிலத் தொழிலாளருக்கென்று 1979-இல் ஒரு சட்டம் வந்தது. ஒப்பந்தக்காரருக்கு உரிமம் வேண்டும், ஆளுக்குப் போட்டோ ஒட்டிய பாஸ்புக் தர வேண்டும், ஊர் விட்டு வந்ததற்காக மாதக் கூலியில் பாதியை இடப்பெயர்வுப் படியாகக் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வந்துவிட்டது. அந்தப் படி 75 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும் எழுதியிருந்தார்கள், 1979 விலைவாசி! இத்தனை வருஷத்தில் அந்தப் பாஸ்புக் ஒன்றைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. அப்புறம் ஒரு விஷயம், சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அந்தப் பழைய சட்டம் ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான் பொருந்தியது. எங்களிடம் நாலு பேர். ஐந்தாவதாக ஒரு பையன் வந்து நின்றபோது வீட்டுக்காரர் "மிஷின் இல்லப்பா" என்று திருப்பி அனுப்பினார். மிஷின் இருந்தது.

சரி, பள்ளிக்கு வருகிறேன்.

எங்கள் பள்ளியில் மொத்தம் அறுபத்துச் சொச்சம் பிள்ளைகள். அதில் பதினெட்டுப் பேர் வீட்டில் தமிழ் இல்லை. இந்த ஊரில் கொஞ்சம் வசதி வந்ததும் வேன் வைத்து இங்கிலீஷ் மீடியத்துக்கு அனுப்பிவிடுகிறோம், பழைய பிள்ளைகள் அப்படித்தான் குறைந்தார்கள். கல்வி உரிமைச் சட்டக் கணக்கில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், அறுபத்தொன்று ஆனால் மூன்று. ஆக எங்கள் மூன்றாவது டீச்சர் யாரால் இருக்கிறார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். "நம் பள்ளி ஏன் அவர்களைச் சுமக்க வேண்டும்" என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் முதல் பதில் இது.

ஆனால் கஷ்டம் இல்லாமல் இல்லை. போன வருஷம் பிகாரின் தர்பங்காவிலிருந்து ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். டிசி இல்லை, பிறப்புச் சான்று இல்லை. இல்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பக் கூடாது என்று அதே 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. வயதுக்கேற்ற வகுப்பில் உட்கார வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதனால் நான்காம் வகுப்பு. 'அ' தெரியாத பிள்ளை கையில் நான்காம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம். டீச்சர் எங்கோ கற்ற நாலு இந்தி வார்த்தையைப் போட்டுப் பார்த்தார். அது முழித்தது. வீட்டில் அவர்கள் பேசுவது மைதிலி, இந்தியே அதற்கு இரண்டாவது மொழிதான். நாம் ரயிலிலிருந்து இறங்குகிற எல்லாரையும் 'இந்திக்காரன்' என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம்.

அந்தப் பிள்ளை முதலில் பேசிய தமிழ் "இன்னும் கொஞ்சம்". காலை உணவு போடும் ஆயாவிடம். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி அடுத்த வருஷம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்த திட்டம் அது. உப்புமாவை அவள் தொடமாட்டாள், பொங்கல் சாம்பார் நாளில் மட்டும் இந்த இரண்டு வார்த்தை. மூன்று மாதத்தில் என் மகளோடு சண்டை போடும் அளவுக்குத் தமிழ் வந்துவிட்டது. ஆறாவது மாதம் அவள் அம்மாவை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், டாக்டரிடம் மொழிபெயர்த்தவளும் அவள்தான். எழுத்து மட்டும் இன்னும் தடுமாற்றம். அதற்குள் சட் பூஜைக்கு ஊருக்குப் போய் ஒன்றரை மாதம் கழித்து வந்தாள், பாதி மறந்துவிட்டது.

குழுக் கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து கேட்டார்: "டீச்சர் பாதி நேரம் அந்தப் பிள்ளைங்ககூடவே உக்காந்திருக்காங்க, எம்பையனுக்கு யாரு சொல்லித் தருவாங்க?" இரண்டு வகுப்பை ஒரே அறையில் வைத்து நடத்தும் டீச்சரிடம் இதற்குப் பதில் இல்லை. அந்த அம்மாவை வெறுப்பு பிடித்தவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பயிற்சி என்று ஏற்பாடு இருக்கிறது. அதற்குப் பணம் பெரும்பாலும் சமக்ர சிக்ஷா என்ற ஒன்றிய அரசின் பள்ளிக் கல்வித் திட்டத்தில் வருவது. மூன்று மொழி படிக்கச் சொல்லும் தேசியக் கல்விக் கொள்கையோடு சேர்ந்து வரும் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று, சமக்ர சிக்ஷா பணத்தில் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. 2025 தொடக்கத்தில் மூன்றாவது மொழி வேண்டுமா வேண்டாமா என்று எல்லா சேனலிலும் தினமும் எட்டு மணிக்கு நாலு கட்டத்துக்குள் நாலு பேர் கத்தினார்கள். நானும் பார்த்தேன், இந்தியைத் திணிக்கக் கூடாது என்பதுதான் என் கட்சியும். ஆனால் வீட்டில் இந்தியோ மைதிலியோ ஒடியாவோ பேசும் பிள்ளை தமிழ் கற்க நமக்கு என்ன வழி இருக்கிறது என்று ஒரு நெறியாளர் கேட்டு நான் பார்க்கவில்லை. தமிழைக் காப்பாற்றுவது பற்றித்தானே பேச்சு? புதிதாகத் தமிழ் எழுதப் படிக்கப் பழகுகிற பிள்ளைகள் இங்கே கூட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அதே 2025-இல் சென்னைக்குப் பக்கத்தில் கவுல் பஜார் அரசு உயர்நிலைப் பள்ளியில் படித்த, பிகார்த் தொழிலாளி ஒருவரின் மகள், பத்தாம் வகுப்பில் தமிழில் 93 வாங்கினாள். அன்றைக்கு ஒரு நாள் எல்லாரும் பேட்டி எடுத்தார்கள்.

டிவியைச் சொன்னதும் 2023 ஞாபகம் வருகிறது. ஜனவரியில் எங்கள் ஊர் வீடியோ ஒன்று ஓடியது, டீக்கடைத் தகராறில் வடமாநிலப் பையன்கள் கும்பலாக விரட்டுவது. 'தமிழனை விரட்டி அடிக்கும் வடக்கன்' என்று நம் யூடியூப் சேனல்கள் தம்ப்நெயில் போட்டன. ஒன்றரை மாதம்தான். மார்ச் முதல் வாரத்தில், தமிழ்நாட்டில் பிகாரிகளை வெட்டிக் கொல்கிறார்கள் என்று அந்தப் பக்கத்துச் சேனல்கள் போட்டன. டிஜிபி சைலேந்திர பாபு மறுத்தார். பரவிய வீடியோக்களில் ஒன்று திருப்பூரில் பிகார்க்காரர்கள் தங்களுக்குள் போட்ட சண்டை, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் சண்டை என்றார். பிகார் அரசு அதிகாரிகள் குழுவே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனது.

எங்கள் யூனிட்டில் அந்த வாரம் மிஷின் சத்தமே இல்லை. ஒரு பையனின் அம்மா போனில் அழுகிறார், அவன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என்னிடம் நீட்டுகிறான்: "அக்கா, நீங்க சொல்லுங்க, நான் உயிரோட இருக்கேன்னு." எனக்குத் தெரிந்த இந்தியில் "டீக் ஹை, டீக் ஹை" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. நான்கு பேரில் மூன்று பேர் ஹோலியைச் சாக்கிட்டுக் கிளம்பினார்கள். இரண்டு பேர் திரும்பினார்கள், மூன்றாமவன் சூரத்துக்குப் போய்விட்டான். அந்த மாத ஷிப்மென்ட் தவறியதில் எங்களுக்கு விழுந்த அடி வேறு.

இதில் இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். அந்தப் பொய்யைப் பரப்பியதாகக் கைதான யூடியூபர் மனிஷ் காஷ்யப் மேல் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தையும் போட்டார்கள், அந்த நவம்பரில் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வழக்குப் போட்டது சரி. விசாரணையே இல்லாமல் உள்ளே வைக்கும் சட்டம் இதற்கு அதிகப்படி என்பது என் எண்ணம். வெறுப்புப் பேச்சுக்கு நம் பக்கமும் பஞ்சமில்லை. 2022-இல் கோவையில் பட்டமளிப்பு மேடையில் நின்றுகொண்டு, இந்தி படித்தவர்கள் இங்கே பானிபூரி விற்கிறார்கள் என்கிற மாதிரி உயர்கல்வி அமைச்சராக இருந்த பொன்முடி பேசவில்லையா? மறுநாள் என் யூனிட்டில் நம்மூர்ப் பையன்கள் அந்தப் பையன்களை 'பானிபூரி' என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். நான் சத்தம் போட வேண்டியதாயிற்று.

போன மாதக் குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் எழுதினோம்: தமிழ் தெரியாமல் வரும் பிள்ளைகளுக்கு வருஷம் முழுக்க ஒரு தன்னார்வலர் வேண்டும், ஊருக்குப் போய் வந்தால் பெயரை நீக்காமல் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பியாயிற்று. தர்பங்காப் பெண்ணின் அம்மா கைநாட்டு வைத்தார். எம்பையனுக்கு யாரு சொல்லித் தருவாங்க என்று கேட்ட அம்மா, தன்னார்வலர் வந்தால் டீச்சர் தன் பையனிடம் திரும்புவார் என்பதால், முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். பதில் வந்தால் இதே இடத்தில் சேர்க்கிறேன்.