வாசகர் கேள்வி - பதில்: பொலிஸுக்குப் பவள் எதற்கு?

கேள்வி: என் மகள் கலிபோர்னியாவில் சாந்தா குரூஸ் நகரில் இருக்கிறாள். அங்கே பொலிஸாரிடம் ஒரு கவச வாகனம் நிற்கிறதாம், அதை வைத்திருக்கலாமா என்று ஊரே இரண்டுபட்டதாம். துவக்கோடு ஒருவன் வந்தால் வேண்டும்தானே என்கிறாள். எனக்குப் பவள் என்ற இராணுவக் கவச வண்டியின் பேரைக் கேட்டாலே வயிற்றைக் கலக்குகிறது. நீங்கள் யார் பக்கம்?
- ஒரு வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: மகள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது அம்மா. 2013 பெப்ரவரியில் அந்த ஊர்ப் பொலிஸார் இருவர் விசாரணைக்குப் போன வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். (சாதாரண உடுப்பில் கதவைத் தட்டப் போனவர்களை எந்தக் கவச வண்டியும் காப்பாற்றியிராது, அது வேறு.) 2015 இல் சான் பெர்னார்டினோவில் 14 பேரைக் கொன்ற இருவரின் காரைப் பொலிஸார் நெருங்கியது இப்படியான வண்டியின் மறைவில்தான். பெயர் பெயார்கட். ஃபோர்ட் லொறியின் அடிச்சட்டத்தில் சன்னம் துளைக்காத தகடு ஏற்றிச் செய்வது, சில்லில் ஓடுவது, பீரங்கி கிடையாது. வெடிச்சத்தத்துக்கு நடுவே காயக்காரரைத் தூக்கி வர நல்ல சாமான்தான்.

எனக்குப் பிடிக்காதது அது சாந்தா குரூஸுக்கு வந்த விதம். 2014 கடைசியில் மத்திய அரசின் உள்நாட்டுப் பாதுகாப்பு மானியம், சுமார் 2.5 இலட்சம் டொலர், வண்டி வாங்கிக்கொள்ளுங்கள் என்று வந்தது, நகரசபையும் சரி என்றது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள், ஆனால் இந்த மாட்டைப் பார்த்தே ஆகவேண்டும், ஏனென்றால் சும்மா வந்த வண்டி முற்றத்தில் நின்றால் அதற்கு வேலை தேடத் தொடங்கிவிடுவார்கள். நியூ ஹம்ப்ஷயரில் கீன் என்றொரு சின்ன நகரம், இதே வண்டி கேட்டு எழுதிய விண்ணப்பத்தில் தங்கள் பூசணிக்காய்த் திருவிழாவையும் காரணமாகக் காட்டியிருந்தது! 2014 ஆகஸ்டில் மிசூரி மாநிலத்துப் பெர்குசனில் ஒரு கறுப்பின இளைஞனைப் பொலிஸ் சுட்டுக் கொன்றதற்கு நியாயம் கேட்டுத் தெருவில் நின்ற சனத்துக்கு முன்னால் கவச வாகனம்தான் வந்து நின்றது. அதே மாதம் கலிபோர்னியாவின் டேவிஸ் நகரசபை, தன் பொலிஸுக்கு இராணுவம் இலவசமாகத் தந்த, கண்ணிவெடி தாங்கும் வண்டியை வேண்டாம் என்று தீர்மானித்தது. கலிபோர்னியாவில் கண்ணிவெடி புதைத்தது யாராம்?

ஆகவே ஊருக்கொன்று வேண்டாம், மாவட்டத்துக்கு ஒன்று நிற்கட்டும். எப்போது வெளியே எடுக்கலாம் என்று எழுதி வைக்கட்டும், ஊர்வலத்துக்கு எடுக்கக் கூடாது என்பதையும் சேர்த்து. 2022 முதல் அங்கே சட்டமே இருக்கிறது: இப்படியான கருவிகளுக்கு நகரசபை பகிரங்கக் கூட்டத்தில் அனுமதி தரவேண்டும், எங்கே பாவித்தோம் என்று பொலிஸ் ஆண்டுதோறும் அறிக்கை வைக்கவேண்டும். மகளை அந்த அறிக்கையை எடுத்து வாசிக்கச் சொல்லுங்கள், அப்புறம் இருவரும் சண்டை பிடியுங்கள்.

உங்கள் வயிற்றுக் கலக்கத்தை அவளுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். ஆனையிறவில் 1991 சண்டையில் புலிகள் கொண்டுவந்த கவச புல்டோசர் ஏ9 வீதியோரம் இன்றும் காட்சிக்கு நிற்கிறது, பஸ்ஸில் வருபவர்கள் இறங்கிப் படம் எடுக்கிறார்கள். நாங்கள் அதைக் கடக்கும்போது யன்னலுக்கு மறுபக்கம் பார்க்கிறோம்.

கேள்வி: எங்கள் பொலிஸுக்கும் ஒன்று தந்தால்?
- ஒரு வாசகர், மாங்குளம்

பதில்: 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மிதந்தபோது சனத்தை ஏற்றியது படகு. அதைக் கேளுங்கள். அதற்கு முன், எந்த நேரம் போனாலும் முறைப்பாட்டைத் தமிழில் எழுத ஒரு ஆளைக் கேளுங்கள்.